ஜாத்திலுவி: ஒரு பாலிக் கிராமத்தின் வாழ்வும் நிலமும்

ஜாத்திலுவி, இந்தோனேசியாவின் பாலித் தீவில் தபானான் மாவட்டம், பெனெபெல் வட்டத்தில் உள்ள உழவர் கிராமம். 2,276 மீட்டர் உயரமுள்ள பத்துகாரு மலையின் தெற்குச் சரிவில், கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தபானான் மாவட்டத்துக்குப் பாலியின் நெற்களஞ்சியம் என்று பெயர். அதன் மேல்கோடியில் சுமார் 300 ஹெக்டேர் பரப்பில் படிப்படியாக இறங்கும் வயல்களே இந்த ஊரின் அடையாளம். 2012இல் யுனெஸ்கோ பாலியின் பாசன நிலப்பரப்பை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தபோது, அதில் அடங்கிய 19,500 ஹெக்டேரில் ஜாத்திலுவியும் இடம்பெற்றது. 2024இல் ஐ.நா. சுற்றுலா அமைப்பு வெளியிட்ட சிறந்த சுற்றுலாக் கிராமங்களின் பட்டியலிலும் இதன் பெயர் உண்டு.

இந்தப் புகழ் ஊருக்கு வருமானம் தந்தது. கூடவே வயல்களின் மீது மனை வணிகர்களின் கண்ணையும் விழவைத்தது. பாலியின் தென்கடற்கரையில் நெல்வயல்கள் வில்லாக்களாக மாறியதைப் பார்த்தவர்களுக்கு, அடுத்தது மலையடிவாரம்தானோ என்ற கேள்வி இயல்பாகவே எழுகிறது. ஜாத்திலுவியில் ஒரு துண்டு நிலம் என்ன பெறும் என்பதை அறிய, அந்த நிலத்தோடு யார் யாருடைய பாத்தியதை ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

நீரும் நெல்லும்

வயல் தனி ஆளுடையது. அதில் பாயும் நீர் சுபாக்குடையது. சுபாக் என்பது ஒரே வாய்க்காலில் நீர் எடுக்கும் உழவர்களின் சங்கம். பாலியில் இதன் வரலாறு ஒன்பதாம் நூற்றாண்டுவரை பின்னோக்கிச் செல்கிறது. இதன் தலைவரைப் பெகாசே என்பார்கள். எந்த வாரம் நாற்று விடுவது, எப்போது நடுவது, எத்தனை நாள் வயலைத் தரிசாகப் போடுவது என்பதெல்லாம் சுபாக் கூட்டத்தில் முடிவாகும். ஒவ்வொரு சுபாக்குக்கும் ஒரு கோயில் உண்டு. நீர் திறப்பும் நடவும் அறுவடையும் அந்தக் கோயிலின் சடங்குகளோடு சேர்ந்தே நடக்கும். ஊரில் உள்ள லுஹூர் பெத்தாலி கோயில், பத்துகாரு மலைக் கோயில்களின் வரிசையில் முக்கியமான ஒன்று.

நீரைப் பங்கிடும் கருவி எளிமையானது. வாய்க்காலின் குறுக்கே ஒரு மரத்தடி போடப்பட்டிருக்கும். அதில் பக்கம் பக்கமாக வெட்டுகள் இருக்கும். இதற்குத் தெம்புகு என்று பெயர். வெட்டுகளின் ஆழம் ஒன்றே. அகலம் மட்டும் அவரவர் பங்குக்கேற்ப மாறும். அதனால் வெள்ளம் வந்தாலும் வறட்சி வந்தாலும் பங்கின் விகிதம் மாறாது. மேல்மடைக்காரர் நள்ளிரவில் ஒரு கல்லை நகர்த்தினால் கீழ்மடைக்காரருக்குக் காலையில் தெரிந்துவிடும். அபராதமும் ஊர்க் கூட்டத்தில் தலைகுனிவும் காத்திருக்கும்.

இந்த ஏற்பாட்டின் அருமை தெரிந்தது அது குலைந்தபோதுதான். 1970களில் பசுமைப் புரட்சி பாலிக்கு வந்தது. குறுகிய கால நெல்லை இடைவெளியின்றிப் போடும்படி உழவர்கள் வற்புறுத்தப்பட்டார்கள். கோயில் நாட்காட்டி ஓரங்கட்டப்பட்டது. சில ஆண்டுகளிலேயே புகையானும் நோய்களும் பெருகின. நீர் வராத வயல்களும் கூடின. அமெரிக்க மானுடவியலாளர் ஸ்டீபன் லான்சிங், சூழலியலாளர் ஜேம்ஸ் கிரெமரோடு சேர்ந்து இதைக் கணினி மாதிரியில் போட்டுப் பார்த்தார். பக்கத்துச் சுபாக்குகள் ஒன்றாக நட்டு ஒன்றாகத் தரிசு விட்டால் பூச்சிக்கு இரை கிடைக்காது. ஆனால் எல்லாரும் ஒரே நேரத்தில் நட்டால் நீர் போதாது. இந்த இரண்டுக்கும் நடுவில் சரியான இடத்தைத்தான் நீர்க்கோயில்கள் நூற்றாண்டுகளாகப் பிடித்து வைத்திருந்தன என்று அந்த ஆய்வு காட்டியது.

ஜாத்திலுவியில் இன்றும் ஆண்டுக்கு ஒரு போகம் நாட்டு நெல் போடுகிறார்கள். ஆளுயரத்துக்கு வளரும் இந்தச் சிவப்பு நெல் விளைய ஐந்தாறு மாதம் பிடிக்கும். அதன் அறுவடைக்கு அரிவாள் எடுப்பதில்லை. உள்ளங்கைக்குள் அடங்கும் சிறு கத்தியை விரலிடுக்கில் வைத்துப் பெண்கள் கதிர் கதிராகக் கிள்ளி, கைப்பிடி அளவு கட்டுகளாகக் கட்டுவார்கள். காய்ந்த கட்டுகள் ஜினெங் என்னும் கூரை வேய்ந்த குதிருக்குப் போகும். நெல்லின் தாயான தேவி ஸ்ரீக்குப் படையல் வைத்த பிறகே அதிலிருந்து எடுத்துச் சமைப்பது வழக்கம். அடுத்த போகத்துக்குக் குறுகிய கால நெல். இரண்டுக்கும் இடையில் தாளடியில் வாத்துகளை மேய விடுவார்கள். சிவப்பரிசியும் அதை வறுத்துப் போடும் தேநீர்ப் பொடியும் சாலையோரக் கடைகளில் சாதாரண அரிசியைவிடக் கூடுதல் விலைக்குப் போகின்றன. ஆனாலும் ஒரு குடும்பத்தின் வயல் பெரும்பாலும் அரை ஹெக்டேருக்கும் குறைவு. நெல்லை மட்டும் நம்பிப் பிள்ளைகளைப் படிக்க வைப்பது கடினம்.

வீடும் ஊரும்

சுற்றுச் சுவருக்குள் தனித்தனிக் கட்டடங்களாக அமைவதே பாலி வீடு. மலையும் சூரிய உதயமும் சேரும் மூலையில், அதாவது தெற்குப் பாலியில் வடகிழக்கில், குடும்பக் கோயில் இருக்கும். பெரியவர்கள் தூங்கும் மண்டபம், சடங்கு நடத்தும் மண்டபம், சமையற்கட்டு, குதிர் எல்லாம் நடு முற்றத்தைச் சுற்றி அமையும். பன்றிக்கொட்டில் தாழ்வான தென்புறத்தில். அண்ணன் தம்பிகள் பல குடும்பங்களாக ஒரே வளாகத்தில் வாழ்வார்கள். அடுப்பில் இப்போது பெரும்பாலும் மூன்று கிலோ பச்சை எரிவாயு உருளைதான். 2007இல் மண்ணெண்ணெய்க்குப் பதிலாக அரசு மானிய விலையில் கொண்டுவந்த இதை, அதன் உருவம் கருதி நாடெங்கும் ‘மெலோன்’ என்கிறார்கள். விருந்துச் சமையலுக்கு மட்டும் விறகடுப்பு மூட்டுவார்கள்.

மின்சாரம் உண்டு, கைபேசி இணையம் உண்டு. சிறு நோய்களுக்குத் துணைச் சுகாதார நிலையமும் கிராம மருத்துவச்சியும் போதும். குழந்தைகளின் எடையும் தடுப்பூசியும் மாதந்தோறும் நடக்கும் போசியாண்டு முகாமில் கவனிக்கப்படும். 2014இல் தொடங்கிய தேசிய மருத்துவக் காப்பீடு ஏழைகளின் சந்தாவை அரசே கட்டும் ஏற்பாட்டோடு இயங்குகிறது. பெரிய சிகிச்சை என்றால் தபானான் நகருக்கோ டென்பசாருக்கோ இறங்க வேண்டும். பொதுப் பேருந்தை நம்பி யாரும் வாழ்வதில்லை. வீட்டுக்கு ஒரு ஸ்கூட்டராவது இருக்கும்.

ஊருக்கு இரண்டு நிர்வாகங்கள். அரசு சார்ந்த கிராமத்துக்குப் பெர்பெகெல் என்னும் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர். 2014ஆம் ஆண்டின் கிராமச் சட்டத்தின்படி 2015 முதல் மத்திய அரசின் நிதி இவருடைய அலுவலகத்துக்கு வருகிறது. சந்துகளுக்குக் கான்கிரீட், வடிகால், வயல் பாதை என்று அது செலவாகும். மற்றொன்று மரபுக் கிராமம். இதன் தலைவர் பெண்டேசா. கோயில், சுடுகாடு, திருமணம், தகனச் சடங்கு, மனைநிலம் எல்லாம் இதன் கையில். 2019ஆம் ஆண்டின் மாகாணச் சட்டம் இதற்குத் தெளிவான சட்ட அந்தஸ்து கொடுத்தது. மரபுக் கிராமத்தின் கீழே பஞ்சார் என்னும் குடியிருப்புச் சபை இயங்குகிறது. குல்குல் என்னும் மரத்தாலான அழைப்புப் பறை ஒலித்தால் வேலையைப் போட்டுவிட்டு வர வேண்டும். திருமணமான தம்பதியர் சேர்ந்தே இதில் உறுப்பினர். ஒருவர் வீட்டுச் சாவுக்கு எல்லாரும் உழைப்பார்கள். வெளியூர் வேலையில் இருப்பவர்களுக்கு இந்தக் கடமை பாரம்தான். ஆனால் முதுமையிலும் நோயிலும் கைவிடப்படாமல் இருப்பதற்கு இதைவிட உறுதியான ஏற்பாடு கிராமத்தில் வேறில்லை.

நிலத்தின் உரிமை

நாடு முழுவதற்குமான அடிப்படை, 1960 செப்டம்பர் 24 அன்று வந்த நிலச் சட்டம். அதன்படி முழு உடைமையான ‘ஹக் மிலிக்’ தனிநபர்களில் இந்தோனேசியக் குடிமக்களுக்கு மட்டுமே. வெளிநாட்டவருக்கு அனுபவ உரிமை கிடைக்கும்: முதலில் 30 ஆண்டு, நீட்டிப்பாக 20, புதுப்பிப்பாக 30. இது 2021ஆம் ஆண்டின் விதி. நடைமுறையில் பலர் 25 அல்லது 30 ஆண்டுக் குத்தகை எடுக்கிறார்கள். காலம் முடிந்தால் நிலம் உடையவருக்கே திரும்பும்.

உள்ளூர்க்காரர் ஒருவரின் பெயரில் பத்திரம் போட்டுப் பணத்தை மட்டும் வெளிநாட்டவர் கொடுக்கும் பினாமி வழி தீவு முழுவதும் பேசப்படுவது. அதே 1960 சட்டத்தின் 26ஆம் பிரிவு இதைச் செல்லாது என்கிறது. நிலம் அரசுக்குப் போகும். கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்க முடியாது. எத்தனை துணை ஒப்பந்தங்கள் எழுதினாலும் இந்த ஓட்டை அடைபடாது. இதைப் பாதுகாப்பான வழி என்று சொல்லி விற்பவர்கள் வாங்குபவருக்கும் பெயர் கொடுத்த ஏழைக்கும் சேர்த்தே தீங்கு செய்கிறார்கள்.

உள்நாட்டவருக்கும் எல்லாம் திறந்திருக்கவில்லை. 1961ஆம் ஆண்டின் விதி ஒன்று, விவசாய நிலத்தின் உடைமையாளர் அந்த வட்டத்திலேயே குடியிருக்க வேண்டும் என்கிறது. ஜகார்த்தாவில் இருந்துகொண்டு பெனெபெலில் நெல்வயல் சேர்ப்பதைத் தடுப்பதே இதன் நோக்கம். ஆவணங்களின் நிலையும் கலவையானது. பல குடும்பங்களிடம் இருந்தது பிபில் என்னும் பழைய வரிச்சீட்டு மட்டுமே. 2017இல் தொடங்கிய மொத்தப் பதிவுத் திட்டம் கிராமம் கிராமமாகச் சென்று அளந்து சான்றிதழ் கொடுத்தது. 2021 விதிகள் பழைய சீட்டுகளுக்கு ஐந்தாண்டு தவணை வைத்தன. அது 2026 பிப்ரவரியில் முடிந்ததால், இனி அவை உரிமைக்குச் சான்றாகாது. பதிவுக்கு வழிகாட்டும் குறிப்பு மட்டுமே.

அரசுப் பதிவேட்டைவிடப் பழையது மரபு உரிமை. பாலிக் கிராமங்களில் வீடு நிற்கும் மனை பெரும்பாலும் மரபுக் கிராமத்துக்கே சொந்தம். குடியிருப்பவர் அதற்கு ஈடாகக் கோயிலுக்கும் ஊருக்கும் உழைப்பும் பொருளும் தர வேண்டும். இதற்கு அயாஹான் என்று பெயர். அந்த மனையை அவர் தன் விருப்பப்படி விற்க முடியாது. கோயில்களுக்குத் தனியே மானிய நிலங்கள் உண்டு. 1986இல் கோயில்களும், 2017இல் மரபுக் கிராமங்களும் நிலம் வைத்திருக்கத் தகுதியுள்ளவையாக அரசாணைகள் ஏற்றன. ஆக, ஊரின் நடுவே விற்பனைக்கு வரும் நிலம் மிகக் குறைவு. வெளிச்சந்தையின் கைக்கு எட்டுவது தனியார் வயலும் தோட்டமும்தான்.

வாரிசு முறை ஆண்வழிப்பட்டது. வீட்டையும் கோயிலையும் சடங்குக் கடன்களையும் மகன் ஏற்பான். 2010இல் பாலியின் மரபுக் கிராமப் பேரவை மகள்களுக்கும் ஈட்டிய சொத்தில் பங்கு உண்டு என்று தீர்மானித்தது. ஆனால் எல்லா ஊர்களிலும் அது ஒரே வேகத்தில் நடைமுறைக்கு வரவில்லை.

விலையும் வாய்ப்பும்

நிலத்தை இங்கே ‘ஆர்’ கணக்கில் பேசுவார்கள். ஓர் ஆர் 100 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய இரண்டரை சென்ட். விலையைத் தீர்மானிப்பவை மூன்று: தார்ச்சாலை, காட்சி, மண்டலம். இவற்றில் மூன்றாவதைத்தான் வாங்குபவர்கள் கடைசியில் விசாரிக்கிறார்கள். 2009ஆம் ஆண்டின் தேசியச் சட்டம் நீடித்த உணவு நிலங்களைப் பாதுகாக்கிறது. மாகாண, மாவட்ட நிலப்பயன்பாட்டுத் திட்டங்களும் உலகப் பாரம்பரிய எல்லையும் அதன்மேல் அடுக்கடுக்காக வருகின்றன. விவசாயத்துக்கென ஒதுக்கிய பச்சை மண்டலத்தில் இருக்கும் வயலுக்குச் சான்றிதழ் இருக்கலாம், கட்டட அனுமதி கிடைக்காது. காட்சிக்காக விலை கொடுத்தவருக்குக் கடைசியில் கிடைப்பது காட்சி மட்டுமே. பதிவின்போது வாங்குபவர் 5 சதவீதமும் விற்பவர் 2.5 சதவீதமும் வரி கட்ட வேண்டும்.

ஊர்க்காரருக்கு எது நல்லது? வயலை விற்றால் ஒரு பெருந்தொகை வரும். மகனின் திருமணத்துக்கும் அப்பாவின் தகனச் சடங்குக்கும் ஒரு காருக்கும் அது போய்விடும். விற்றவர் சுபாக்கிலிருந்து விலகுகிறார், வாய்க்கால் பராமரிப்பில் ஒரு கை குறைகிறது. மேல்மடையில் ஒரு கட்டடம் எழும்பினால் கீழே பத்து வயலின் நீர் தடைபடும். நுழைவுச்சீட்டு வருமானத்தில் கிராமத்துக்கும் சுபாக்குக்கும் பங்கு உண்டு. ஆனால் பயணிகள் பார்க்க வருவது உழவர்களின் உழைப்பை. அதிக லாபம் போவதோ வயலோரத்தில் உணவகம் வைத்தவருக்கு. இந்தக் கணக்கைத் திருத்தாமல் வெறும் தடைச்சட்டம் மட்டும் போட்டால், உழவர்மீதுதான் முழுப் பாரமும் விழும். நில வரித் தள்ளுபடி, விதைக்கும் உரத்துக்கும் உதவி, சிவப்பரிசிக்கு உறுதியான விலை ஆகியவை வயல் வயலாகவே இருப்பதற்கான உண்மையான கூலி.

இளைஞர்கள் பலர் கடற்கரை விடுதிகளிலும் உல்லாசக் கப்பல்களிலும் வேலை பார்க்கிறார்கள். அந்தச் சம்பளத்தில் ஊரில் எழும்பும் முதல் கட்டடம் பெரும்பாலும் புதுப்பித்த குடும்பக் கோயில். அடுத்தது வளாகத்துக்குள்ளேயே விருந்தினருக்கான இரண்டு மூன்று அறைகள். நிலம் கைமாறாமல், வயல் குறையாமல், காசு வீட்டிலேயே தங்கும் தொழில் இது. வெளியார் முதலீடு செய்ய விரும்பினால் இத்தகைய வீடுகளோடு குத்தகைக் கூட்டு வைப்பதே சட்டத்துக்கும் ஊருக்கும் ஒத்துவரும் வழி. அதற்கும் முன் பெர்பெகெல், பெண்டேசா, பெகாசே மூவரையும் பார்த்துப் பேச வேண்டும். கட்டட அனுமதியைத் தருவது மாவட்ட நிர்வாகம். ஆனால் வாசல்வரை பாதையும் நீரும் கிடைப்பது இந்த மூவரின் சம்மதத்தைப் பொறுத்தது.