ஒரே பாதம், நான்கு கதைகள்: சிவனொளிபாதமலையில் சூரியோதயம்

செட்டிநாடு மலைகளுக்குப் பேர்போன ஊர் அல்ல. ஆனால் இந்தச் சீமையிலிருந்து கடல் தாண்டிப் போனவர்கள் பார்த்த மலை ஒன்று உண்டு. கொழும்பு செட்டியார் தெருவில் வட்டிக்கடை வைத்த நகரத்தாருக்கும், கங்காணி பின்னால் தோட்ட வேலைக்குப் போன ராமநாதபுரம், சிவகங்கைச் சீமை ஏழைகளுக்கும் அது தெரிந்த மலைதான். இலங்கையின் சிவனொளிபாதமலை!

உயரம் 2,243 மீட்டர். உச்சியில் உள்ள பாறையில் பாத வடிவில் ஒரு பள்ளம், கிட்டத்தட்ட ஆறடி நீளம். யாருடைய பாதம்? சைவர்கள் சிவன் என்பார்கள். பௌத்தர்கள் புத்தர் என்பார்கள். முஸ்லிம்கள் சொர்க்கத்திலிருந்து இறங்கிய ஆதம் நபி என்பார்கள். கிறிஸ்தவர்களில் சிலர் புனித தோமையார் என்பார்கள். மலைக்குச் சிங்களத்தில் ஸ்ரீபாத, ஆங்கிலத்தில் ஆதாம் சிகரம் என்று பெயர்.

டிசம்பர் பௌர்ணமி முதல் மே பௌர்ணமி வரை யாத்திரைக் காலம். நள்ளிரவு தாண்டி ஏறத் தொடங்கி, சூரியன் வருவதற்குள் உச்சியை அடைந்துவிட வேண்டும். இன்றைக்குச் சுற்றுலா நிறுவனங்கள் வழிகாட்டியோடு அழைத்துப் போகின்றன. இது ஏதோ புதுப் பழக்கம் என்று நினைத்தால் தவறு. இந்த மலையில் வழிகாட்டி வைத்து ஏறும் வழக்கத்துக்கு வயது பல நூற்றாண்டு!

1344-ல் மொராக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா புத்தளத்தில் கரை இறங்கினார். அங்கே முத்துக்குளிப்பைக் கவனித்துக்கொண்டிருந்தவர் யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தி. உமக்கு என்ன வேண்டும் என்று மன்னர் கேட்க, ஆதமின் பாதத்தைப் பார்க்க வேண்டும் என்றார் பயணி. உடனே ஒரு பல்லக்கு, ஆண்டுதோறும் பாதத்துக்குப் போய்வரும் யோகிகள் 4 பேர், பிராமணர்கள் 3 பேர், அரசரின் ஆட்கள் 10 பேர், உணவு சுமக்க 15 பேர் ஏற்பாடு ஆயிற்று. யோசித்துப் பாருங்கள்... ஒரு முஸ்லிம் யாத்ரீகருக்கு, ஒரு தமிழ்ச் சைவ மன்னர், இந்து யோகிகளை வழிகாட்டியாக அனுப்புகிறார்! அவர்களுக்கு அது வேறு கடவுளின் பாதம். ஆனாலும் வழி ஒன்றுதானே!

பாறையில் தொங்கிய இரும்புச் சங்கிலிகளைப் பிடித்து ஏறியதையும், உச்சியிலிருந்து பார்த்தால் மேகங்கள் காலுக்குக் கீழே கிடந்ததையும் அவர் எழுதி வைத்திருக்கிறார்.

சிங்கள யாத்ரீகர்களிடமும் இதே ஏற்பாடு உண்டு. பலமுறை ஏறிய பெரியவர் ஒருவர் கூட்டத்துக்குத் தலைமை தாங்குவார். அவருக்கு 'நடே குரா' என்று பெயர். எங்கே குளிப்பது, எங்கே கும்பிடுவது என்று எல்லாம் அவர் சொல்படிதான். உச்சியில் ஒரு மணி இருக்கிறது. எத்தனாவது தடவை ஏறுகிறோமோ அத்தனை முறை அதை அடிக்க வேண்டும்.

சரி, இத்தனை பேர் ஏறினால் காணிக்கையும் சேரும் அல்லவா? சண்டை வந்ததும் அங்கேதான். 11-ஆம் நூற்றாண்டிலேயே முதலாம் விஜயபாகு மன்னர் யாத்ரீகர்களின் சாப்பாட்டுச் செலவுக்காக கிலிமலை கிராமத்தை எழுதி வைத்தார். 16-ஆம் நூற்றாண்டில் சீதாவக்கை மன்னர் முதலாம் ராஜசிங்கன் சைவத்துக்கு மாறியபோது, மலையின் வருமானத்தைச் சைவ ஆண்டிகளுக்குக் கொடுத்துவிட்டார் என்று சூளவம்சம் கோபத்தோடு குறிப்பிடுகிறது. 18-ஆம் நூற்றாண்டில் கண்டி மன்னர் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் அதைத் திரும்பவும் பௌத்த பிக்குகளிடம் ஒப்படைத்தார். அவர் தமிழ் பேசும் நாயக்கர் வம்சத்தில் வந்தவர் என்பதுதான் வேடிக்கை! பாதம் யாருடையது என்ற கேள்விக்குப் பின்னால், உண்டியல் யாருடையது என்ற கேள்வியும் ஒளிந்திருந்தது.

அதுவரை பிரதான வழி இரத்தினபுரிப் பக்கத்து நீண்ட பாதை. 1884-ல் ஹட்டனுக்கு ரயில் வந்த பிறகு மஸ்கெலியா, நல்லதண்ணி வழி பிரபலமாயிற்று. காட்டை வெட்டித் தோட்டம் போட்டு, அந்தப் பக்கத்தைத் திறந்துவிட்டவை தமிழ்த் தொழிலாளர்களின் கைகள். இன்று சுமார் 5,500 படி ஏறும் வெளிநாட்டுப் பயணி அந்தத் தேயிலைச் சரிவுகளைக் கடந்துதான் போகிறார். வழிகாட்டிகள் இதையும் ஒரு வரி சொன்னால் நல்லது.

இனி அந்தச் சூரியோதயம். கிழக்கே சூரியன் எழும்பியதும் விவரம் தெரிந்தவர்கள் மேற்கே திரும்புவார்கள். அங்கே மேகத்தின் மேல் மலையின் நிழல், அளந்து வெட்டியது போல ஒரு முக்கோணமாக விழுந்திருக்கும். சூரியன் ஏற ஏற நிழல் சுருங்கி, கொஞ்ச நேரத்தில் மறைந்துவிடும். கானல்நீர் போன்ற ஒளி வளைவுதான் காரணம் என்று 1876-ல் ஒருவர் எழுதினார். ரால்ஃப் அபர்கிராம்பி என்ற வானிலை ஆராய்ச்சியாளர் 1886-ல் வெப்பமானியோடு ஏறிப் பார்த்து, அது கானல் இல்லை, பனிமூட்டத்தில் விழும் சாதாரண நிழல்தான் என்றார். தண்டவாளங்கள் தூரத்தில் ஒன்று சேர்வது போலத் தெரிகின்றன அல்லவா? அதே கணக்குதான். பல மைல் நீளும் நிழலின் ஓரங்கள் தூரத்தில் குவிந்து முக்கோணமாகத் தெரிகின்றன. மலை எந்த வடிவில் இருந்தாலும் உச்சியில் நிற்பவருக்கு இப்படித்தான் தெரியும்.

சூரியன் வந்து பாதத்தை வணங்குகிறான் என்பது பௌத்தர்களின் நம்பிக்கை. "சாது! சாது!" என்று குரல் எழும்பும். அதே கூட்டத்தில் "அரோகரா!" சத்தமும் கேட்கும். பாதத்துக்கு நான்கு கதை சொல்லலாம், மன்னர்கள் வருமானத்தை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றலாம். மேகத்தில் விழும் அந்த நிழலை மட்டும் எந்த மன்னராலும் யாருக்கும் எழுதி வைக்க முடியவில்லை!