அலங்காரக் கேக் எடுத்துச்செல்லல் (மட்டக்களப்பு வாவிப் பிரதேசம்)

விவாகம், ஞானஸ்நானம், பிறந்தநாள் முதலிய வைபவங்களுக்கென வீட்டிலே செய்யப்படும் பெரிய அலங்காரக் கேக்குகளைப் பெட்டியிலிட்டுச் சேதமின்றிக் கொண்டுசேர்க்கும் முறை. கிழக்கேயுள்ள எழுவான்கரையையும் மேற்கேயுள்ள படுவான்கரையையும் பிரித்து ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் வாவியைக் கடப்பதற்கு 1924இல் அமைந்த கல்லடிப் பாலமும் 2014இல் திறக்கப்பட்ட மண்முனைப் பாலமும் உதவுகின்றனவாயினும், குருமண்வெளி, மண்டூர் போன்ற துறைகளில் வாகனங்கள் நெடுங்காலம் படகுப்பாதையிலேயே ஏறியிறங்கின. கேக்குக்கு ஆபத்து அந்த ஏற்ற இறக்கத்திலேதான்.

வெண்ணெய் ஏறத்தாழ 32 முதல் 35 பாகை உஷ்ணத்தில் உருகுவதாலும், கச்சான் காற்று வீசும் மாதங்களில் பகல் வெப்பம் அந்த அளவை எளிதில் எட்டிவிடுவதாலும், வெண்ணெய் ஐசிங் பூசியதை அதிகாலையில் அனுப்புதலே உசிதம். முட்டை வெண்கருவும் சீனிமாவும் சேர்ந்த ஐசிங் உஷ்ணத்தைத் தாங்கும், குலுக்கலில் வெடிக்கும். ஆகவே அனுபவசாலிகள் அதே நிற ஐசிங்கைக் கடதாசிக் கூம்பில் உடன் எடுத்துச்சென்று, பிளவுகளை மண்டபத்திலேயே மறைத்துவிடுவர்.

அடுக்குகளைத் தனித்தனியே பெட்டியிலிட்டு, அடியில் வழுக்காத ரப்பர் விரிப்பிட்டு, வானின் சமதளத்தில் வைத்தல் வேண்டும். சரிந்த ஆசனமும், பாசமிக்க உறவினரின் மடியும் உதவா.

இலங்கை விவாகங்களில் ரவையும் கஜுவும் நிறைந்த கேக்கைத் துண்டாக்கிச் சிறு பெட்டிகளில் விருந்தினருக்கு வழங்குவது சம்பிரதாயமாதலால், மேடையில் நிற்கும் உயர்ந்த அடுக்குகள் பெரும்பாலும் ஐசிங் பூசிய ரெஜிபோம் எனும் இலேசான நுரைப்பலகையே. அவற்றை ஒருவரே தூக்கிச்செல்லலாம்.