பேட்டரியைப் பார்த்துக்கொண்டவர்கள்

1890களின் கடைசியில் நியூயார்க்கின் பிராட்வே பகுதியில் வாடகை மின்கார்களுக்கென்றே ஒரு நிலையம் இயங்கியது. சவாரி முடித்த வண்டி உள்ளே வந்து, குறித்த இடத்தில் நிற்கும். நீரழுத்தத்தில் இயங்கும் எந்திரம் அதை இம்மி பிசகாமல் நேராக்கி நிறுத்தும். சுமார் அரை டன் எடையுள்ள பேட்டரித் தட்டை அப்படியே வெளியே இழுப்பார்கள். தலைக்கு மேல் ஓடும் கிரேன் அதைச் சார்ஜ் அறைக்குத் தூக்கிப் போகும். சார்ஜ் ஏறிய இன்னொரு தட்டு அங்கிருந்து வந்து வண்டிக்குள் நுழையும். சில நிமிடங்களில் வண்டி அடுத்த சவாரிக்குத் தயார்.

இந்த ஏற்பாட்டுக்கு வித்திட்டவர்கள் பிலடெல்பியாவைச் சேர்ந்த பொறியாளர் ஹென்றி மாரிஸும் வேதியியல் அறிஞர் பெட்ரோ சாலமும். 1894இல் ‘எலெக்ட்ரோபேட்’ என்ற மின்வண்டியை ஓட்டிக் காட்டிய இவர்கள், 1897இல் நியூயார்க்கில் வாடகை வண்டித் தொழிலைத் தொடங்கினார்கள். பேட்டரியைப் பேணுவது தனி வேலை, அது ஓட்டுநர் தலையில் விழக்கூடாது என்பது அவர்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. மின்கார் வரலாற்றை எழுதுகிறவர்கள் வேகத்தையும் தூரத்தையும் பற்றியே நிறையப் பேசுகிறார்கள். பேட்டரியை யார் பராமரித்தார்கள் என்று கேட்டால்தான் அந்த வரலாற்றின் ஏற்ற இறக்கங்கள் உண்மையில் புரியும்.

1900ஆம் ஆண்டு அமெரிக்காவில் தயாரான கார்கள் 4,192. அவற்றில் நீராவிக் கார்கள் 1,681, மின்கார்கள் 1,575, பெட்ரோல் கார்கள் 936. பெட்ரோல் வண்டியைக் கிளப்பக் கைப்பிடியைப் போட்டுச் சுழற்ற வேண்டும்; புகை, சத்தம், எண்ணெய்ப் பிசுக்கு எல்லாம் உண்டு. மின்காரில் அந்தத் தொல்லை எதுவும் இல்லை. உட்கார்ந்து நெம்புகோலைத் தள்ளினால் வண்டி நகரும். அதனாலேயே ‘பராமரிப்பே தேவைப்படாத கார்’ என்ற பெயர் அதற்கு அப்போதே ஒட்டிக்கொண்டது. மோட்டாரைப் பொறுத்தவரை அந்தப் பேச்சு பெருமளவு உண்மைதான். பேட்டரியைப் பொறுத்தவரை அது உண்மையே இல்லை.

ஈய-அமில பேட்டரியை 1859இல் உருவாக்கியவர் பிரான்ஸின் காஸ்டன் பிளாந்தே. 1881இல் கமீல் ஃபோர் ஈயத் தகட்டின் மேல் ஈய ஆக்சைடு பசையைப் பூசி, அதில் அதிக மின்சாரத்தைச் சேமிக்க வழி கண்டார். வண்டியை இழுக்கும் வலு பேட்டரிக்கு வந்தது இந்தப் பசையால்தான். பேட்டரியின் பலவீனமும் இதே பசைதான். ஒவ்வொரு முறை சார்ஜ் ஏறி இறங்கும்போதும் அது உப்பிச் சுருங்கும். கல் பாவிய தெருவில் வண்டி குலுங்கக் குலுங்கக் கொஞ்சம் கொஞ்சமாக உதிரும். உதிர்ந்த துகள் கலத்தின் அடியில் சேறாகச் சேர்ந்து, உயர்ந்து, ஒருநாள் தகடுகளின் அடிவிளிம்பைத் தொடும். அதோடு அந்த செல் ஷார்ட் ஆகிவிடும்.

அந்த நாள் வருவதற்கு முன்பே பேட்டரியைக் ‘கழுவ’ வேண்டும். செல்லின் மேல் பூசியிருக்கும் கருப்பு மெழுகைச் சூடுகாட்டி இளக்கி, மூடியைக் கழற்றி, தகடுகளை மொத்தமாக வெளியே எடுப்பார்கள். தகடுகளுக்கு நடுவே இருக்கும் மெல்லிய மரச் செபரேட்டர்கள் ஆசிட்டில் ஊறி நைந்துபோயிருக்கும். அவற்றை வீசிவிட்டுப் புதியவற்றைச் செருகுவார்கள். கலத்தின் அடியில் தேங்கிய சேற்றைக் கழுவிக் கொட்டுவார்கள். பிறகு ஈயத்தை உருக்கி இணைப்புகளை ஒட்டவைத்து, புது ஆசிட் ஊற்றி, மெதுவாகச் சார்ஜ் ஏற்றுவார்கள். ஒரு காரில் இப்படிப் பல பத்து செல்கள். கை பழகிய ஆள் இல்லாமல் நடக்கிற வேலையல்ல இது.

அன்றாடப் பாடு வேறு. சார்ஜ் ஏறும்போது நீர் பிரிந்து வாயுவாகப் போவதால் டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும். இன்வெர்ட்டர் வைத்திருக்கும் தமிழ் வீடுகளில் இது தெரிந்த வேலைதான். ஒவ்வொரு செல்லிலும் ஹைட்ரோமீட்டரை விட்டு அடர்த்தி பார்க்க வேண்டும்: முழுச் சார்ஜில் 1.280 அளவில் இருக்கும், 1.150 பக்கம் இறங்கினால் தீர்ந்துவிட்டது என்று பொருள். தீர்ந்த பேட்டரியை நாள்கணக்கில் அப்படியே போட்டுவைத்தால் தகட்டில் சல்ஃபேட் படிகம் இறுகிவிடும். அளவுக்கு மீறிச் சார்ஜ் ஏற்றினால் சூடேறிப் பசை உதிரும். வெளியேறும் ஹைட்ரஜன் தீப்பிடிக்கும் என்பதால் அறைக்குக் காற்றோட்டம் வேண்டும், பக்கத்தில் விளக்கு கொளுத்தக்கூடாது. ‘உட்கார்ந்து நெம்புகோலைத் தள்ளினால் போதும்’ என்று விற்ற காருக்குப் பின்னால் இவ்வளவு வேலை இருந்தது.

லண்டன் இதை அனுபவித்துத் தெரிந்துகொண்டது. 1897 ஆகஸ்டில் வால்டர் பெர்சியின் மின் வாடகை வண்டிகள் அந்நகரில் ஓடத் தொடங்கின. அவை எழுப்பிய ரீங்காரத்தைக் கேட்டு மக்கள் ‘ஹம்மிங்பேர்ட்’ என்று பெயர் வைத்தார்கள். பேட்டரியை மாற்றித்தர அங்கேயும் நிலையம் இருந்தது. ஆனால் குலுக்கலில் டயரும் பேட்டரியும் கணக்குப் போட்டதைவிட வேகமாகத் தேய்ந்தன. செலவு வரவைத் தாண்டியது. 1899இல் சேவை நின்றுபோனது. நியூயார்க் தொழிலை வாங்கிப் பெருக்கிய எலெக்ட்ரிக் வெஹிகிள் கம்பெனியும் 1907இல் திவாலானது.

அதன் பிறகு மின்கார் வசதியான வீடுகளுக்குப் போனது. டெட்ராய்ட் எலெக்ட்ரிக், பேக்கர் போன்ற கார்களை டாக்டர்களும் பணக்காரப் பெண்களும் விரும்பி வாங்கினார்கள். ஹென்றி ஃபோர்டின் மனைவி கிளாரா ஃபோர்டு ஓட்டியதே 1914ஆம் ஆண்டு டெட்ராய்ட் எலெக்ட்ரிக் காரைத்தான். அவர்களில் ஹைட்ரோமீட்டரைக் கையில் எடுத்தவர்கள் மிகச் சிலரே இருந்திருப்பார்கள். அந்த வேலையை மின்கார் கராஜ்கள் ஏற்றுக்கொண்டன. மாதச் சந்தா கட்டினால் போதும். மாலையில் ஆள் வந்து காரை எடுத்துப் போவான், இரவில் கழுவிச் சார்ஜ் ஏற்றி, காலையில் வாசலில் கொண்டுவந்து நிறுத்துவான். வீட்டிலேயே சார்ஜ் ஏற்ற நினைத்தவர்களுக்கு வேறு தடை: தெருவில் வந்தது மாறுமின்சாரம், பேட்டரி கேட்டது நேர்மின்சாரம். பீட்டர் கூப்பர் ஹியூவிட் 1902இல் கண்டுபிடித்த பாதரச ரெக்டிஃபயர்தான் அதைத் தீர்த்தது. கண்ணாடிக் குடுவைக்குள் நீலப்பச்சையாக ஒளிரும் அந்தக் கருவி வீட்டுக் கார் கொட்டகைகளிலும் இடம்பிடித்தது.

இந்தக் கதையில் அதிகப் புகழுக்கு உரியது கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்ட் நகரம். அங்கிருந்த மின்சாரக் கம்பெனி 1910களில் ஒரு திட்டத்தைக் கொண்டுவந்தது. மின்லாரி வாங்குகிறவர் பேட்டரி இல்லாமல் லாரியை மட்டும் வாங்கலாம். பேட்டரி கம்பெனியின் சொத்து. மாதம் ஒரு நிலையான தொகை, ஓடிய மைலுக்கு இவ்வளவு என்று ஒரு தொகை, அவ்வளவுதான். சார்ஜ் இறங்கினால் மாற்றித் தருவார்கள். கழுவுவது, தகடு மாற்றுவது எல்லாம் அவர்கள் பொறுப்பு. பேட்டரி சீக்கிரம் செத்தால் நட்டம் கம்பெனிக்கு. ஆகவே அதை நீண்ட நாள் உயிரோடு வைத்திருக்கும் அக்கறையும் அவர்களுக்கே. 1924 வரை நடந்த இந்தச் சேவையில் வண்டிகள் 60 லட்சம் மைலுக்கு மேல் ஓடின. பேட்டரியைப் பேணத் தெரிந்தவரிடமே அதன் செலவையும் பொறுப்பையும் சேர்த்து ஒப்படைத்த இந்த ஏற்பாடு அந்தக் காலத்தின் ஆகச் சிறந்த யோசனை.

எடிசன் வேறு வழியில் போனார். பராமரிப்புக்கு ஆள் தேடுவதைவிட, பராமரிப்பு குறைவாகக் கேட்கும் பேட்டரியைச் செய்துவிடுவது அவர் திட்டம். ஆசிட்டுக்குப் பதில் பொட்டாஷ் காரக் கரைசல், ஈயத்துக்குப் பதில் நிக்கலும் இரும்பும், கண்ணாடிக்கும் ரப்பருக்கும் பதில் எஃகுக் கலம். முதலில் விற்பனைக்கு வந்த செல்கள் கசிந்தன, சக்தியையும் இழந்தன. அவர் உற்பத்தியை நிறுத்திவிட்டு மறுபடி ஆய்வுக்கூடத்துக்குப் போனார். 1909இல் வந்த புதிய வகை உண்மையிலேயே முரட்டு உழைப்பாளி: சார்ஜ் தீர்ந்து கிடந்தாலும் கெடாது, அதிகம் ஏற்றினாலும் தாங்கும். ஆனாலும் நீர் ஊற்றத்தான் வேண்டும், காலப்போக்கில் கரைசலை மாற்றத்தான் வேண்டும். குளிரில் சோர்ந்துபோகும்; விலையும் அதிகம்.

ஈய பேட்டரிக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. பிலடெல்பியாவின் எக்ஸைடு 1910இல் ‘அயர்ன்கிளாட்’ என்ற வகையைக் கொண்டுவந்தது. பசையைத் தகட்டில் அப்பாமல், கீறல் விட்ட ரப்பர்க் குழாய்களுக்குள் அடைத்தார்கள். பசை உதிர்வது வெகுவாகக் குறைந்தது. இன்று தமிழ்நாட்டு வீடுகளில் இன்வெர்ட்டருக்கு அடியில் நிற்கும் ‘டியூபுலர்’ பேட்டரி இதே வழியில் வந்ததுதான்.

பேட்டரி தேறிக்கொண்டிருந்த அதே நேரத்தில் சந்தை கைமாறியது. சார்லஸ் கெட்டரிங் வடிவமைத்த செல்ஃப் ஸ்டார்ட்டர் 1912ஆம் ஆண்டு காடிலாக் காரில் வந்ததும், பெட்ரோல் காரைக் கையால் சுழற்றும் பாடு ஒழிந்தது. அதற்காக அந்தக் காருக்குள்ளும் ஒரு ஈய பேட்டரி குடியேறியது. மின்கார் கராஜில் கற்ற கைத்தொழில் ஊருக்கு ஊர் முளைத்த பேட்டரிக் கடைகளுக்கு இடம்பெயர்ந்தது.

பிறகும் ஓரிடத்தில் மின்வண்டி நிலைத்தது. பிரிட்டனில் விடிகாலையில் பால் போடும் வண்டிகள் ஆயிரக்கணக்கில் பேட்டரியில் ஓடின. தினமும் ஒரே வழித்தடம், இரவில் ஒரே டிப்போ, நீர் ஊற்றிப் பார்க்க அங்கேயே ஒரு மெக்கானிக். பேட்டரி கேட்பதெல்லாம் அங்கே கிடைத்தது.

இந்தியாவில் 1993இல் டெல்லி ஆட்டோ எக்ஸ்போவில் ‘லவ்பேர்ட்’ என்ற இரண்டு இருக்கை மின்கார் காட்சிக்கு வந்தது. கேரளத்தின் சாலக்குடியைச் சேர்ந்த எடி கரன்ட் கன்ட்ரோல்ஸ் நிறுவனத்தின் முயற்சி அது. ஈய பேட்டரியில் ஓடிய அந்தக் கார் சந்தையில் நிலைக்கவில்லை. 2001இல் பெங்களூரில் வெளிவந்த ரேவாவும் ஈய பேட்டரிக் கார்தான். இருக்கைக்கு அடியில் 6 வோல்ட் பேட்டரிகள் எட்டு. ஒவ்வொன்றையும் தனித்தனியே திறந்து நீர் ஊற்றாமல், ஒரே இடத்திலிருந்து எல்லாவற்றுக்கும் நீர் போகும் குழாய் அமைப்பை அதில் வைத்தார்கள். அப்படியும் நீர் ஊற்ற மறந்தவர்களின் பேட்டரி சீக்கிரமே போனது. பேட்டரித் தொகுதியை மாற்றுவது பெருஞ்செலவானது.

லித்தியம் அயான் வந்ததும் நீர் ஊற்றும் வேலை ஒழிந்தது. ‘பராமரிப்பே வேண்டாம்’ என்ற பழைய பேச்சும் திரும்ப வந்தது. 2010இல் வெளிவந்த நிஸான் லீஃபின் பேட்டரிக்குத் திரவக் குளிரூட்டல் கிடையாது. அமெரிக்காவின் அரிஸோனா வெயிலில் 2012இல் அதன் பேட்டரிகள் எதிர்பார்த்ததைவிட வேகமாகச் சக்தி இழந்தன. உரிமையாளர்கள் குரல் எழுப்பினார்கள். அடுத்த ஆண்டு நிஸான், ஐந்து ஆண்டு அல்லது 60,000 மைலுக்குள் பேட்டரி அளவுமானியின் 12 கட்டங்களில் ஒன்பதுக்குக் கீழே போனால் சரிசெய்து தருவதாக உத்தரவாதம் தந்தது. சென்னையின் மே மாதத்தை அறிந்தவர்கள் இந்த நிகழ்வைக் கவனமாகப் படிக்க வேண்டும். சூடும், நாள்கணக்கில் 100 சதவீதச் சார்ஜில் நிற்பதும் பெரும்பாலான லித்தியம் பேட்டரிகளின் ஆயுளைக் குறைக்கும். பேட்டரியின் வகை மாறியதே தவிர, அதற்கு வேண்டிய கவனிப்பு தீர்ந்துவிடவில்லை.

ஹார்ட்ஃபோர்ட் ஏற்பாடும் மறையவில்லை. 2024 செப்டம்பரில் இந்தியாவில் எம்ஜி விண்ட்சர் கார் பேட்டரி விலையைச் சேர்க்காமல் 9.99 லட்சம் ரூபாய்க்கு அறிமுகமானது. அப்போது பேட்டரிக்கு வாடகை கிலோமீட்டருக்கு 3.50 ரூபாயாக இருந்தது. மின்கார் வாங்கப் போகிறவர்கள் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று கேட்பதோடு நின்றுவிடக் கூடாது. எத்தனை ஆண்டுக்குள், எத்தனை சதவீதத்துக்குக் கீழே சக்தி குறைந்தால் பேட்டரியை மாற்றித் தருவார்கள், பேட்டரியின் நலத்தை அளந்து அறிக்கை தருவார்களா, குளிரூட்டும் திரவத்தை எப்போது பார்க்க வேண்டும் என்பதையும் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.