பண்டத்தரிப்பு, வேலூர், மொன்றியல்: மூளையில் பேச்சிடம் தேடிய வரலாறு

பேச்சுப் பகுதியை ஒட்டி வளர்ந்த மூளைக் கட்டியை அகற்றுமுன், எங்கே கத்தி படக்கூடாது என்று தெரிந்தாக வேண்டும். 1861இல் பாரிஸில் போல் புரோக்கா, ‘டான்’ என்ற ஓசைக்கு மேல் பேச இயலாதிருந்த ஒருவரின் மூளையை அவர் இறந்தபின் ஆராய்ந்து, இடப்பக்க முன்மடலின் பழுதைக் காட்டினார். உயிருள்ள மூளையில் அந்த இடத்தைத் தேடும் முறையை வளர்த்தவர்களில் முதன்மையானவர் மொன்றியல் நரம்பியல் நிறுவகத்தை 1934இல் தொடக்கிய வைல்டர் பென்ஃபீல்ட். மூளைக்கு வலி தெரியாது. தலைத்தோலை மரக்கச்செய்தால் போதும். மண்டையோட்டைத் திறந்து, விழித்திருக்கும் நோயாளரைப் பேசவைத்து, மென்மின்னோட்டம் தொட்ட இடத்தில் பேச்சு தடைப்படுகிறதா என்று பார்ப்பார்.

பென்ஃபீல்டின் மரபு தமிழ் நிலத்தை எட்டிய வழியில் யாழ்ப்பாணத்துக்கும் ஒரு பங்குண்டு. அமெரிக்க மிஷன் வைத்தியர் ஜோன் ஸ்கடர் 1820இல் பண்டத்தரிப்பில் பணி தொடங்கி, 1836இல் சென்னைக்குப் போனார். அதே பெயருடைய மகன் 1835இல் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். அம்மகனின் மகள் ஐடா ஸ்கடர்தான் 1900இல் வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு வைத்தியம் தொடங்கியவர். அங்கு வளர்ந்த கிறித்தவ மருத்துவக் கல்லூரியில், பென்ஃபீல்டிடம் பயின்ற ஜேக்கப் சாண்டி 1949இல் இந்தியாவின் முதல் நரம்பியல் சத்திரசிகிச்சைப் பிரிவை நிறுவினார். 1952இல் வலிப்புக்கான சத்திரசிகிச்சையும் அங்கே நடந்தது. மிஷன்தான் இக்கலையைக் கொண்டுவந்தது என்று சொல்வது மிகை. அது வந்து இறங்க மிஷன் ஒரு வைத்தியசாலையைக் கட்டிவைத்திருந்தது, அவ்வளவே. மானிப்பாயின் மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீனைப் பற்றி நம்மவர் எழுதிய அளவுக்கு இந்தக் கிளையைப் பற்றி எழுதவில்லை.

தலையைத் திறக்காமலே தேடும் வழி 1985இல் பிறந்தது. ஷெபீல்டில் அன்தனி பார்க்கர் குழுவினர் தலைக்கு வெளியே பிடித்த கம்பிச்சுருளில் மின்துடிப்பைப் பாய்ச்சினர். அதன் காந்தப்புலம் மண்டையோட்டைக் கடந்து மூளையின் மேற்பரப்பில் மின்னோட்டத்தைத் தூண்டியது. 1991இல் பஸ்குவால் லியோனே குழு, அடுத்தடுத்த துடிப்புகளால் வலிப்பு நோயாளரின் பேச்சை ஓரிரு கணம் நிறுத்திக் காட்டியது. பின்னர் எம்.ஆர்.ஐ. படத்தோடு சுருளின் நிலையைப் பொருத்தும் வழிகாட்டல் சேர்ந்தது.

ஆனால் இதை முழுதாக நம்பிவிடலாகாது. 2013இல் பிக்ட் குழு 20 நோயாளரிடம் இரு முறைகளையும் ஒப்பிட்டது. திறந்த மூளையில் மின்தூண்டல் பேச்சிடம் என்றவற்றில் ஏறத்தாழ 90 வீதத்தைக் காந்தமும் பிடித்தது. பேச்சில்லாத இடங்களில் சுமார் 24 வீதத்தையே சரியாக விலக்கியது. ஆகவே இங்கே பேச்சில்லை என்று அது சொன்னால் ஓரளவு நம்பலாம்; உண்டு என்றால், விழித்த நிலைச் சத்திரசிகிச்சையில் மறுபடி பார்த்தே ஆக வேண்டும்.

காந்தத் தூண்டல் சோதனையில் திரையில் படங்கள் ஒவ்வொன்றாக வரும். நோயாளர் பெயர் சொல்ல வேண்டும். 1980இல் ஸ்னொட்கிராஸ், வாண்டர்வார்ட் இருவரும் வெளியிட்ட 260 கோட்டோவியங்களில் பனிமனிதனும் ஆர்ட்டிசோக்கும் உண்டு. இவற்றைச் சுன்னாகத்துக் கமக்காரர் முன்வைத்துப் பயனில்லை. அதனால்தான் தூண்டல் இல்லாத முதற்சுற்றில் தயங்கிய படங்களை நீக்கிவிட்டு, நோயாளர் தாமே சொன்ன பெயரை அளவுகோலாகக் கொள்கிறார்கள். பிறகு காணொளியை மீட்டுப் பார்த்துப் பிழைகளைத் தரம்பிரிப்பார்கள். தமிழறியாதவருக்கு அதில் மௌனம் பிடிபடும். கதிரையைக் காட்ட மேசை என்றதோ, கரிதை என்று எழுத்து மாறியதோ பிடிபடாது. இந்த இரு பிழைகளும் மூளையின் பேச்சு வரைபடத்தில் புள்ளியாக விழ வேண்டியவையே.