பிளஸ் டூ முடித்துவிட்டு சும்மா இருக்கும் பிள்ளைகள்: டெல்லியில் மீண்டும் படிக்க, வேலைக்குப் போக என்ன வழி?

உங்களுக்குத் தெரிந்த ஒரு பையனோ பெண்ணோ இருப்பார். பிளஸ் டூ பாஸ். காலேஜ் போகவில்லை, வேலையும் இல்லை. "என்ன பண்ற?" என்று கேட்டால் "பாக்கணும் அண்ணா" என்பார். அந்த "பாக்கணும்" ஆறு மாதமாகி, ஒரு வருஷமாகி, பிறகு கேட்பதையே நாம் நிறுத்திவிடுவோம்.

படிப்பு, வேலை, பயிற்சி மூன்றிலும் இல்லாத இளைஞர்களை உலக அளவில் 'நீட்' என்று சுருக்கி அழைக்கிறார்கள். நம்ம ஊர் மருத்துவ நுழைவுத் தேர்வோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். சர்வதேச தொழிலாளர் அமைப்பும் டெல்லியில் உள்ள மனித மேம்பாட்டு நிறுவனமும் 2024-ல் வெளியிட்ட இந்திய வேலைவாய்ப்பு அறிக்கையின்படி, 2022-ல் இளம்பெண்களில் 48.4% பேர் இந்த நிலையில் இருந்தார்கள். இளைஞர்களில் இது 9.8%. பெண்களில் பெரும்பகுதி வீட்டு வேலைக்குள் போய்விடுகிறார்கள். அதை யாரும் 'சும்மா இருப்பது' என்று சொல்லக் கூடாது, ஆனால் கணக்கில் அப்படித்தான் வருகிறது.

இவர்கள் எங்கே தொலைகிறார்கள்?

பள்ளிக் கணக்கு பன்னிரண்டாம் வகுப்போடு முடிகிறது. கல்லூரிக் கணக்கு, சேர்ந்தவர்களிலிருந்துதான் தொடங்குகிறது. இரண்டும் தனித்தனி சர்வே. நடுவில் விழுந்த பிள்ளை இரண்டிலும் பெயரோடு இருக்க மாட்டார். உயர்கல்வி சேர்க்கை விகிதத்தில் டெல்லி 49%, தமிழ்நாடு 47% (2021-22). தேசிய சராசரி 28.4%. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மீதிப் பாதிப் பேர் யார், எந்தத் தெருவில் இருக்கிறார்கள் என்று இந்த எண் சொல்லாது.

தமிழ்நாடு இதற்கு ஒரு நேரடி வழியைப் பிடித்தது. 2022-ல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தின் கீழ் வரும் 'உயர்வுக்குப் படி' முகாம்கள்தான் அது. பள்ளியின் மாணவர் தரவை வைத்து, பிளஸ் டூ முடித்தும் எங்கும் சேராதவர்களைத் தேடிப் பிடிக்கிறார்கள். பிறகு கல்லூரி, பாலிடெக்னிக், ஐ.டி.ஐ., வங்கி, சான்றிதழ் கொடுக்கும் வருவாய்த் துறை எல்லாரையும் ஒரே இடத்தில் உட்கார வைக்கிறார்கள். பிள்ளை அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டாம். எனக்கு இதில் பிடித்தது அந்தப் பட்டியல்தான்: முதலில் பெயர், அப்புறம்தான் திட்டம்.

டெல்லியில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைக்கு இது கிடைக்காது. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாயும் அப்படித்தான். தமிழ்நாட்டின் அரசுப் பள்ளிகளிலும் உதவிபெறும் பள்ளிகளிலும் படித்தவர்களுக்கானது அது. டி.டி.இ.ஏ. பள்ளியில் தமிழ் படித்திருந்தாலும் பயனில்லை. அந்தப் பட்டியலின் வேலையை இங்கே நீங்கள்தான் செய்ய வேண்டியிருக்கிறது.

மதராசி கேம்ப் சொல்லும் சிக்கல்

ஜங்புராவில் பாராபுல்லா கால்வாய் ஓரம் இருந்த மதராசி கேம்ப், உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2025 ஜூன் 1 அன்று இடிக்கப்பட்டது. சுமார் 370 வீடுகள். தொடக்கக் கணக்கெடுப்பில் 189 குடும்பங்களுக்குத்தான் நரேலாவில் வீடு பெறும் தகுதி என்றார்கள். நரேலா அங்கிருந்து சுமார் 40 கிலோமீட்டர். ஜூன் மாதம் என்பது கல்லூரி சேர்க்கை நடக்கும் காலம் என்பதையும் கவனியுங்கள். ரித்தாலாவிலிருந்து நரேலா வழியாகப் போகும் மெட்ரோ பாதைக்கு மத்திய அரசு ஒப்புதல் கொடுத்ததே 2024 டிசம்பரில்தான்.

இப்படி ஒரு பிள்ளையிடம் "ரெகுலர் காலேஜ் சேரு" என்பது அறிவுரை ஆகாது. தினமும் போய்வர ஆகும் நேரமும் காசும்தான் முதல் கேள்வி. அதனால் வார இறுதி வகுப்புகளைத்தான் முதலில் பார்க்கணும்.

எந்தக் கதவு திறந்திருக்கிறது?

டெல்லிப் பல்கலைக்கழகத்தின் ஸ்கூல் ஆஃப் ஓபன் லேர்னிங், அதாவது எஸ்.ஓ.எல்., 1962-லிருந்து இயங்குகிறது. இளநிலைப் படிப்புக்கு கியூட் நுழைவுத் தேர்வு தேவையில்லை. பட்டம் டெல்லிப் பல்கலைக்கழகப் பட்டம். 'கரஸ்தானே' என்று இளக்காரமாகப் பேசும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது, அதை முதலில் விடலாம். டெல்லியில் வசிக்கும் பெண்களுக்கு இன்னொரு வழி, 1944-லிருந்து இருக்கும் நான்-காலேஜியேட் மகளிர் கல்வி வாரியம். பி.ஏ., பி.காம். வகுப்புகள் வார இறுதியில், நகரின் பல கல்லூரிகளில் நடக்கும். ஜூலை சேர்க்கையைத் தவறவிட்டவர்களுக்கு இக்னோ. ஜனவரி, ஜூலை என வருஷத்துக்கு இரண்டு முறை சேரலாம், வயது வரம்பு இல்லை.

பட்டம் வேண்டாம், கைத்தொழில் போதும் என்றால் ஐ.டி.ஐ. நிஜாமுதீனில் அரப் கி சராய், பூசா ஆகியவை பழைய பெயர்கள். வயது 14 ஆகியிருந்தால் போதும், சில வருஷம் சும்மா இருந்தது தடையே இல்லை.

சம்பாதித்தபடி கற்க வேண்டும் என்பவர்களுக்கு 1961 அப்ரண்டிஸ் சட்டம். 2019 விதிகளில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவருக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 7,000 ரூபாய். டெல்லியில் அறை வாடகை கொடுத்து இதில் தனியாக வாழ முடியாது, வீட்டோடு இருப்பவர்களுக்குத்தான் ஒத்துவரும்.

பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டத்தைப் பலர் சொல்வார்கள். 2024-ல் தொடங்கியபோது மாதம் 5,000 ரூபாய், ஒரே தடவை 6,000 ரூபாய், பெரிய நிறுவனத்தில் 12 மாதம் என்று அறிவித்தார்கள். ஆனால் அப்போது வைத்த வயது வரம்பு 21 முதல் 24. பிளஸ் டூ முடிப்பதோ 17, 18-ல். நடுவில் மூன்று வருஷம் என்ன செய்வது? எஸ்.ஓ.எல். அல்லது இக்னோவில் சேர்ந்துவிடுவது. 2024 விதிகளில் முழுநேரப் படிப்பில் இருந்தவர்கள் விண்ணப்பிக்க முடியவில்லை, தொலைநிலைப் படிப்பில் இருந்தவர்கள் விண்ணப்பிக்க முடிந்தது.

நீங்கள் செய்யக்கூடியது

பெரும்பாலும் பேப்பரில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். சி.பி.எஸ்.இ. மதிப்பெண் பட்டியல் வீடு மாறியபோது தொலைந்திருந்தால் டிஜிலாக்கரில் எடுக்கலாம். அதற்கு ஆதாரில் இணைத்த மொபைல் எண் வேண்டும். அந்த சிம் ரீசார்ஜ் இல்லாமல் செத்திருக்கும், முதல் வேலை ஆதார் மையம். சாதிச் சான்றிதழை டெல்லியில் வாங்க, அப்பாவுக்குத் தமிழ்நாட்டில் கொடுத்த சான்றிதழைக் கேட்பார்கள். ஊரில் சித்தப்பாவை தாலுகா ஆபீஸுக்கு அனுப்பி, ஸ்கேன் வாங்கி வைப்பதற்கு வாரக்கணக்கில் ஆகலாம். சேர்க்கை அறிவிப்பு வந்த பிறகு இதைத் தொடங்கினால் தேதி போய்விடும்.

ஒரு பாடத்தில் தேறாமல் நின்றவர் என்றால், நொய்டாவைத் தலைமையிடமாகக் கொண்ட தேசிய திறந்தநிலைப் பள்ளியில் பிளஸ் டூவை முடித்துவிட்டு வரலாம்.

அப்புறம் விண்ணப்பம். மொபைலில் ஃபார்ம் நிரப்பும்போது பக்கத்தில் உட்காருங்கள், ஃபோட்டோ அளவு சரியில்லை என்று மூன்று தடவை திருப்பி அனுப்பும். கட்டணம் கட்டும் பக்கம் நிற்கும்போது பெரும்பாலானவர்கள் "நாளைக்குப் பாக்கலாம்" என்று மூடிவிடுவார்கள்.