ஐதர் அலியின் உள்ளமும் சுவார்ட்ஸ் ஐயரின் தூதும்

மாற்றானின் மனத்தை அறிய வேண்டுமென்னும் ஆவல் ஆளுவோர்க்கு எக்காலத்தும் உண்டு. திருவள்ளுவர் ஒற்றாடலுக்கும் தூதுக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்தமையே இதற்குச் சான்றாகும். ஆயினும், அறிய விரும்பியோர் அறிந்தபின் என் செய்தனர் என்னும் வினாவே வரலாற்று மாணவன் கேட்க வேண்டியது. இவ்வினாவை மனத்திற்கொண்டு, 1779ஆம் ஆண்டில் தஞ்சையிலிருந்து ஸ்ரீரங்கப்பட்டணத்திற்குச் சென்ற ஒரு தூதினை ஈண்டு நோக்குவோம்.

முதலாம் மைசூர்ப் போரின் முடிவில், 1769ஆம் ஆண்டில், ஐதர் அலி சென்னையின் வாயில்வரை வந்து ஆங்கிலக் கம்பெனியாருடன் உடன்படிக்கை செய்துகொண்டார். ஒருவர் தாக்கப்பட்டால் மற்றவர் துணைநிற்க வேண்டுமென்பது அதன் சாரம். ஆனால் சில காலத்திற்குள் மராத்தியர் மைசூர்மீது படையெடுத்தபோது கம்பெனியார் வாளாவிருந்தனர். இதனை ஐதர் மறக்கவேயில்லை. 1779 மார்ச்சுத் திங்களில், தம் பாதுகாப்பிலுள்ளதென அவர் அறிவித்திருந்த மாகி என்னும் பிரெஞ்சுத் துறைமுகத்தையும் கம்பெனிப் படை கைப்பற்றியது. இந்நிலையில் ஐதரின் நோக்கம் யாது என்றறியச் சென்னை ஆளுநர் சர் தாமஸ் ரம்போல்டு விழைந்தார்.

அதற்கு அவர் தேர்ந்தது படைத்தலைவரையன்று. தஞ்சையிலிருந்த மிஷனெரி கிறிஸ்தியான் பிரீதரிக் சுவார்ட்ஸ் ஐயரை. 1750இல் தரங்கம்பாடிக்கு வந்த ஐயர் தமிழோடு இந்துஸ்தானி, பாரசீகம், மராத்தி முதலிய மொழிகளையும் கற்றிருந்தார். ஆகவே மொழிபெயர்ப்பாளரின் துணையின்றி நேருக்கு நேர் உரையாட வல்லவராயிருந்தார். கைநீட்டிப் பொருள் வாங்காதவர் என்னும் நற்பெயரும் அவருக்கிருந்தது. அரசியற் பணியில் தலையிடத் தயங்கிய ஐயர், இரத்தம் சிந்துதலைத் தடுக்கும் நோக்குடையதாதலின் இதனை ஏற்றார்.

அவ்வாண்டு ஜூலையில் புறப்பட்டவர் ஆகஸ்டு இறுதியில் ஸ்ரீரங்கப்பட்டணம் சேர்ந்தார். ஐதர் அவரைத் தம் அருகே கம்பளத்தில் அமர்த்திப் பேசினார். எழுதப் படிக்க அறியாத அவ்வரசர், வந்த கடிதங்களைப் படிக்கச் செய்து கேட்டு, மறுமொழியைத் தாமே சொல்லி எழுதுவித்து, எழுதியதை மீண்டும் படிக்கக் கேட்ட பின்னரே முத்திரையிட்டதை ஐயர் கண்டு தம் குறிப்பில் வரைந்துள்ளார். சமாதானத்திற்குத் தாம் இசைவதாகக் கூறிய ஐதர், கம்பெனியார் செய்த குறைகளையெல்லாம் ஒரு கடிதத்தில் விரித்தெழுதி ஐயரிடம் கொடுத்தனுப்பினார். வழிச்செலவிற்கென அளித்த 300 ரூபாயை ஐயர் தமக்கென வைத்துக்கொள்ளாமல் அரசாங்கத்தாரிடம் ஒப்புவித்தார். பின்னர் அத்தொகை தஞ்சையில் ஆதரவற்ற பிள்ளைகளின் பள்ளிக்குப் பயன்பட்டது.

மாற்றானின் உள்ளம் இங்ஙனம் எழுத்துருவிலேயே ரம்போல்டின் கையை அடைந்தது. ஆயினும் பயன் என்ன? குறைகளுள் ஒன்றேனும் நீக்கப்படவில்லை. தூதர் சமாதானம் பேசிய அதே ஆண்டில், குண்டூர் விவகாரத்தின் பொருட்டுக் கம்பெனிப் படை ஐதரின் நாட்டினூடே செல்ல முற்பட்டது. 1780 ஜூலையில் ஐதரின் பெரும்படை கணவாய்களைக் கடந்து கர்நாடகத்தில் இறங்கியபோது சென்னை ஆயத்தமின்றியிருந்தது. செப்டம்பரில் பொள்ளிலூரில் பெய்லியின் படை அழிந்தது. பயிர்கள் பாழாகித் தஞ்சையைப் பஞ்சம் பீடித்தது. ஆளுவோரின் செவிட்டுத்தன்மைக்கு விலைகொடுத்தவர் உழவரும் ஏழைகளுமே.

இதிற் பெறப்படும் பாடங்கள் இரண்டு. ஒன்று, ரம்போல்டு ஐதரின் எண்ணத்தை அறிய விரும்பினாரேயன்றி, ஐதரின் கண்ணுக்குத் தம் செயல்கள் எவ்வாறு தோன்றின என்பதை எண்ணிப்பார்க்கவில்லை. எதிராளியை ஒரு புதிராக மட்டும் கருதுவோர், அப்புதிரில் தம் பங்கும் உண்டென்பதை மறந்துவிடுகின்றனர். மற்றொன்று, ஐதர் நம்பியது தூதரையேயன்றி அவரை அனுப்பியோரையன்று. போர் மூண்ட பின்னரும் ஐயர் தடையின்றி நடமாடலாமென ஐதர் தம் படையினர்க்குக் கட்டளையிட்டமை இதனைக் காட்டும். தாம் ஈட்டாத நம்பிக்கையைப் பிறரொருவரிடமிருந்து இரவல் பெற்றுக் காலங்கடத்த ஆளுநர் முயன்றார் எனலாம்.

ஐயரின் நிலையும் நம் சிந்தனைக்குரியது. ஆளுவோரின் கண்ணாகவும் செவியாகவும் அனுப்பப்படும் இறைப்பணியாளர், தம் நற்பெயரையே ஈடாக வைக்கின்றார். அனுப்பியோர் சொல் தவறினால் ஈடு மூழ்கிப்போகக்கூடும். சுவார்ட்ஸ் ஐயரின் நற்பெயர் மூழ்காமைக்குக் காரணம், அவர் இரு தரப்பாரிடமும் ஒரே சொல்லைப் பேசியதும், எத்தரப்பாரிடமும் ஆதாயம் தேடாமையுமே. 1798இல் அவர் மறைந்தபோது தஞ்சை இளவரசர் சரபோஜி கண்ணீர் வடித்தார்.

சமாதானம் பண்ணுவோராக அழைக்கப்பட்ட திருச்சபை, அதிகாரமுடையோரின் தூதை எடுத்துச் செல்லுமுன் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுண்டு: நாம் கொணரும் மறுமொழிக்குச் செவிகொடுக்க அனுப்புவோர் ஆயத்தமா?