சட்டையும் சிலேட்டும்

நடுநிலைப் பள்ளிகளில், தலைமையாசிரியர் அறைக்கு அருகே, மாணவர் ஒழுங்கு விதிகளை எழுதிய பலகை ஒன்று தொங்குவதை நாம் கண்டிருக்கின்றோம். மாணவர் நேரத்திற்கு வருதல் வேண்டும். துவைத்த சீருடை அணிதல் வேண்டும். தலைமயிரைத் திருத்தி வாருதல் வேண்டும். நகம் வெட்டுதல் வேண்டும். காலணி அணிதல் வேண்டும். ஆசிரியருக்குக் கீழ்ப்படிதல் வேண்டும். படிக்கும் பிள்ளைக்கு இவை சலிப்பூட்டும் கட்டளைகள். பெற்றோர் பலர் இவற்றை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. ஆயினும் நம் சமுதாயத்தைப் பொறுத்தவரை இவ்விதிகளுக்குத் தனியே ஒரு வரலாறு உண்டு. இன்று பள்ளி 'செய்க' என்று கூறுவனவற்றுள் பலவற்றை, நூறாண்டு நிறையாத ஒரு காலத்தில், ஊர் 'செய்யாதே' என்று தடுத்திருந்தது.

1930ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், இராமநாதபுரம் மாவட்டத்தின் சில பகுதிகளில், ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிட மக்கள்மீது எட்டுத் தடைகளை விதித்தனர். 1931ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே. எச். ஹட்டன், சாதி பற்றி எழுதி 1946இல் வெளியிட்ட நூலில் அவற்றை ஒவ்வொன்றாகப் பதிவு செய்துள்ளார். பொன்னும் வெள்ளியும் அணியலாகாது. ஆடவரின் ஆடை முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் செல்லலாகாது. கோட்டு, சட்டை, பனியன் எதுவும் கூடாது. தலைமயிரைக் கத்தரித்துக்கொள்ளலாகாது. வீட்டில் மண்பாண்டமன்றி வேறு பாண்டம் புழங்கலாகாது. பெண்கள் மேலுடம்பைத் துணியாலோ, இரவிக்கையாலோ, தாவணியாலோ மறைக்கலாகாது. பூவும் மஞ்சளும் அவர்களுக்கு இல்லை. ஆடவர் வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கலாகாது. காலில் செருப்பு அணியலாகாது. இத்தடைகளை மீறியோரின் குடிசைகள் கொளுத்தப்பட்டன, தானியம் அழிக்கப்பட்டது, ஆடுமாடுகள் கொள்ளை போயின.

இப்பட்டியலையும் பள்ளியின் விதிப்பலகையையும் அருகருகே வைத்து நோக்குமாறு இளைஞர்களை வேண்டுகின்றோம். சட்டை, தலைமயிர், தாவணி, செருப்பு ஆகியவை இரண்டிலும் வருகின்றன. பள்ளி எவற்றையெல்லாம் ஒழுங்கு என்கின்றதோ, அவற்றையெல்லாம் ஊர் குற்றம் என்றது.

1930ஆம் ஆண்டின் பட்டியலில் கல்வி பற்றி ஒரு சொல்லும் இல்லை. அடுத்த ஆண்டு ஜூன் மாதத்தில் தடைகள் பதினொன்றாகப் பெருகியபோது அது வந்து சேர்ந்தது. இவர்தம் பிள்ளைகள் எழுதப் படிக்கக் கற்கலாகாது. மிராசுதாரரின் மாடுகளையே மேய்த்தல் வேண்டும் என்று அது வெளிப்படையாகவே கூறிற்று. அதே பட்டியலில்தான், காலை ஏழு மணி முதல் மாலை ஆறு மணி வரை உழைக்கும் ஆணுக்கு நான்கு அணா, பெண்ணுக்கு இரண்டு அணா என்ற கூலி வரம்பும், சொந்த நிலத்தை மிராசுதாரருக்கு மலிவு விலைக்கு விற்றுவிட வேண்டும் என்ற கட்டளையும் உள்ளன. ஆகவே உடைக் கட்டுப்பாட்டை வெறும் அகந்தையின் விளைவு என்று கொள்ளுதல் பொருந்தாது. சட்டை அணிந்த பிள்ளை சிலேட்டை எடுப்பான்; சிலேட்டை எடுத்த பிள்ளை மாடு மேய்க்க வரமாட்டான்; மாடு மேய்க்க வராத பிள்ளை நாளை நான்கு அணாக் கூலிக்கும் இசையமாட்டான். இக்கணக்கை மிராசுதாரர் நம்மினும் தெளிவாக அறிந்திருந்தனர் என்றே சொல்லவேண்டும். மேலும், எவரும் செய்யாத ஒன்றைத் தடுக்க விதி தேவையில்லை. நம் முன்னோர் அப்போதே சட்டை அணியவும், கிராப்பு வைக்கவும், பிள்ளைகளைப் படிக்கவைக்கவும் தலைப்பட்டுவிட்டனர் என்பதற்கு இத்தடைகளே சான்றாகின்றன.

பள்ளிக்குள் நுழைந்த பிள்ளையின் நிலை என்ன? சென்னை மாகாணத்தில் பஞ்சமர் கல்விக்குச் சிறப்பு உதவிகளை வகுத்த அரசாணை 1893இல் வெளிவந்தது. மறு ஆண்டு, கர்னல் ஆல்காட் அடையாற்றுப் பகுதியில் நம் பிள்ளைகளுக்கென இலவசப் பள்ளியைத் தொடங்கினார். கிறித்தவச் சபைகள் அதற்கும் முன்பிருந்தே சேரிகளில் பள்ளிகளை நடத்திவந்தன. ஆயினும் பொதுப்பள்ளிகள் பலவும் அக்கிரகாரத்திலும் கோயிலிலும் சாவடியிலும் நடைபெற்றன. பள்ளிக்குள் நுழையத் தடை இல்லை எனினும், பள்ளி இருந்த தெருவிற்குள் நுழையத் தடை இருந்தது! அத்தகைய இடங்களில் பொதுப்பள்ளிகளை நடத்தலாகாது என்று அரசு 1919இல் அறிவுறுத்த நேர்ந்தது. அவ்வாண்டில்தான் தொழிலாளர் ஆணையர் பதவியும் ஏற்படுத்தப்பட்டது. அத்துறையின் பொறுப்பில் நடைபெற்ற பள்ளிகளில் நம் பாட்டனார் பலர் எழுத்தறிந்தனர்.

நம் பிள்ளைகளை விலக்க விரும்பியோர் எப்போதும் சாதியின் பெயரை வாய்விட்டுச் சொல்லவில்லை. 'அழுக்கு' என்று சொன்னார்கள். பொதுக்குளத்தில் இறங்க விடாதவர்களே குளிக்காமல் வருகின்றான் என்று குறைகூறினர். தூய்மை விதி இவ்வாறு வாயிற்காவலாயிற்று. நம்மவர் நடத்திய பள்ளிகளிலும் இவ்விதி இருந்தது. காலை வணக்கத்தின்போது நகமும் தலையும் துணியும் பார்க்கப்பட்டன. ஆனால் அங்கே பார்த்த கண் வேறு. ஒரே ஆடையுடைய பிள்ளை, அது துவைத்து உலரும் வரை வீட்டிலிருப்பான் என்பதைச் சேரியைச் சேர்ந்த ஆசிரியர் அறிவார். மற்ற இடத்தில் அது வருகைப் பதிவேட்டில் ஒரு 'ஆ' எழுத்து. அத்தகைய எழுத்துகள் பல சேர்ந்தால் பெயர் நீக்கம்.

இவ்விடரை ஓரளவு தீர்த்தது இலவசச் சீருடை. காமராசர் முதலமைச்சராகவும், நெ. து. சுந்தரவடிவேலு கல்வித்துறைத் தலைவராகவும் இருந்த காலத்தில், 1956இல் மதிய உணவுத் திட்டம் தொடங்கிற்று. அதனைத் தொடர்ந்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர்மக்களின் நன்கொடையால் பள்ளிக்குத் தேவையான பொருள்களும் பிள்ளைகளுக்கு உடையும் சேர்க்கப்பட்டன. எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1982இல் சத்துணவும், 1985இல் சத்துணவு உண்ணும் பிள்ளைகளுக்கு அரசின் இலவசச் சீருடையும் வந்தன. சோறு வந்ததைப் பற்றி நம்மவர் நிறையப் பேசியுள்ளனர். சட்டை வந்ததைப் பற்றி அவ்வளவாகப் பேசவில்லை. சோறு பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்து வந்தது. சட்டையோ, பத்துப் பிள்ளைகளுக்கு நடுவே அவனைத் தனியே சுட்டிக்காட்ட இயலாதவாறு செய்தது. தாவணி தடுக்கப்பட்ட பெண்களின் பேத்திமார் உயர்நிலைப் பள்ளியில் தாவணியையே சீருடையாக அணிந்தனர். பின்னர் அது சல்வார் கமீசாயிற்று. 2012ஆம் ஆண்டிலிருந்து ஆண்டிற்கு நான்கு இணைச் சீருடைகளும், அவற்றோடு காலணியும் கிடைத்தன. செருப்பு அணிந்ததற்காக அடிபட்டவரின் கொள்ளுப்பேரனுக்கு அரசே செருப்பு அளித்தது. அதன் அளவு பொருந்தவில்லை என்று பிள்ளைகள் முணுமுணுப்பதைக் கேட்கும் முதியோர்க்குச் சிரிப்பு வருமே தவிரச் சினம் வராது.

எனினும் சீருடை எல்லாவற்றையும் மறைத்துவிடவில்லை. மாணவர் முறைவைத்துப் பள்ளியைத் தூய்மை செய்தல் வேண்டும் என்பது விதி. கழிப்பறை கழுவும் முறை மட்டும் யார்மீது வந்து விழுகின்றது? நம் பிள்ளைகளை அப்பணிக்கு ஏவிய செய்திகள் அண்மைக் காலம் வரை நாளிதழ்களில் வந்தவண்ணம் உள்ளன. கீழ்ப்படிதல் என்னும் நற்பண்பை இவ்வளவு தூரம் நீட்டிப் பொருள்கொள்ள வேண்டியதில்லை. அத்தகைய ஏவலுக்கு 'மாட்டேன்' என்று சொல்லும் பிள்ளையின் நடத்தையில் குறை காண்பதற்கு எந்த விதியும் இடந்தரவில்லை.

சீருடைக்கு வெளியே எஞ்சியிருக்கும் மற்றோர் இடம் மணிக்கட்டு. தென்மாவட்டப் பள்ளிகளில் சாதிக்கொரு வண்ணமாகக் கயிறு கட்டும் வழக்கம் பரவியது. 2019இல் பள்ளிக்கல்வி இயக்ககம் இதனைத் தடுக்குமாறு சுற்றறிக்கை அனுப்பியது. எதிர்ப்பு எழவே, அது உறுதியாகச் செயற்படவில்லை. 2023 ஆகஸ்டில், திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில், பன்னிரண்டாம் வகுப்புப் படித்த நம் மாணவர் ஒருவரும் அவர்தம் தங்கையும் தம் வீட்டிலேயே பள்ளித் தோழர்களால் அரிவாளால் வெட்டப்பட்டனர். அதன்பின் அமைக்கப்பட்ட நீதியரசர் கே. சந்துரு அவர்களின் ஒருநபர் குழு, 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. சாதியைக் காட்டும் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி ஆகியவற்றை மாணவர் அணியலாகாது என்பதும், பள்ளிப் பெயர்களிலிருந்து சாதி அடையாளம் நீங்கவேண்டும் என்பதும் அதன் பரிந்துரைகளுள் அடங்கும்.

இங்கே நம் இளைஞரோடு சிறிது வெளிப்படையாகப் பேசுதல் வேண்டும். நம் பிள்ளைகளும் கயிறு கட்டுகின்றனர். 'அவர்கள் ஆதிக்கத்திற்குக் கட்டுகின்றனர், நாங்கள் தன்மானத்திற்குக் கட்டுகின்றோம், இரண்டும் ஒன்றா?' என்று கேட்கின்றனர். ஒன்றல்ல என்பதை நாம் ஏற்கின்றோம். அடிப்பவன் கையிலுள்ள கயிற்றையும், அடிபடுபவன் கையிலுள்ள கயிற்றையும் ஒரே தராசில் நிறுப்பது நேர்மையன்று. ஆயினும் ஏழாம் வகுப்பில் நுழையும் ஒரு சிறுவன் யார் அருகில் அமர்வது என்பதை நண்பனின் மணிக்கட்டைப் பார்த்து முடிவு செய்வானாயின், ஊர் 1930இல் விரும்பியதை வேறு வழியில் நாமே செய்து தருகின்றோம் என்று ஆகாதா? அண்ணல் அம்பேத்கர் 1927 டிசம்பரில் மகாடில் பெண்களிடம் உரையாற்றியபோது, சாதியை அடையாளம் காட்டும் உடைமுறையையும் அணிகளையும் விட்டொழித்து, மற்றப் பெண்களைப்போலச் சேலை உடுத்துமாறு வேண்டினார். மாட்சிமை இழக்காமலே அடையாளத்தைக் களையலாம் என்பதே அவர் காட்டிய வழி.

ஆனால் விதியை ஏற்பதோடு நம் கடமை முடியவில்லை. கயிற்றை அறுக்கும் கத்தரிக்கோல் நம் பிள்ளையின் கைக்கு மட்டும் வருகின்றதா, எல்லார் கைக்கும் வருகின்றதா என்பதை யார் பார்ப்பது? 2009ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்விச் சட்டம், உடல் தண்டனையையும் மன வதையையும் தடை செய்ததோடு, பள்ளி மேலாண்மைக் குழுவில் குறைந்தது நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருத்தல் வேண்டும் என்றும், உறுப்பினருள் பாதிப்பேர் பெண்களாக இருத்தல் வேண்டும் என்றும், நலிந்த பிரிவுப் பெற்றோர்க்கு உரிய விகிதத்தில் இடம் வேண்டும் என்றும் வகுத்துள்ளது. அக்குழுக் கூட்டத்திற்கு அழைப்பு வரும்போது, 'கூலி போகுமே' என்று நம் தாய்மார் தயங்குவது இயல்பே. அந்நாளில் வீட்டு வேலையைப் பார்த்துக்கொண்டு அவர்களை அனுப்பிவைக்க இளைஞர்கள் முன்வருதல் வேண்டும். விதிப்பலகையில் உள்ளவற்றைக் கூட்டத்தில் உரக்கப் படிக்கச் சொல்லி, கழிப்பறை முறைப்பட்டியலையும் அதனருகே ஒட்டும்படி கேட்க அவர்களுக்கு உரிமையுண்டு.